அனுப்புகிறவனும் காத்திருக்கட்டும்

ஒருங்கியங்கும் லாஜிக் நிரலாக்கத்தில் வாங்குகிறவன்தான் காத்திருப்பான். அனுப்புகிறவன் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். அந்த மரபில் எழுதப்பட்ட சிறிய ஜாவா லைப்ரரி ஒன்றைச் சில ஆண்டுகளாக நான் பராமரித்து வருகிறேன். வெளியே யாருக்கும் அது தெரியாது. சரக்குக் கிடங்கு ஒன்று கட்டப்படுவதற்கு முன்பே அதன் கன்வேயர்களையும் ரோபோக்களையும் கணினிக்குள் ஓட்டிப் பார்க்கிற சிமுலேஷன் வேலைக்கு எங்கள் குழு அதைப் பயன்படுத்துகிறது. அனுப்புகிறவனையும் காத்திருக்க வைக்கிற சேனல் ஒன்றை அதில் சேர்க்க வேண்டி வந்தது.

லாஜிக் மாறி என்பது ஒரே ஒரு முறை மதிப்பு ஏற்கும் மாறி. மதிப்பு வரும்வரை வெற்றிடம். வந்தபின் மாறவே மாறாது. வெற்றிடமான மாறியைப் படிக்கப் போகிற ப்ராசஸ் அங்கேயே உறங்கிவிடும். வேறொரு ப்ராசஸ் அதற்கு மதிப்புக் கொடுத்ததும் விழித்துக்கொள்ளும். இரண்டு ப்ராசஸ்கள் பேசிக்கொள்ள, வால் இன்னும் முளைக்காத ஒரு பட்டியல் போதும். அனுப்புவது [பெட்டி1 | மீதி] என்று எழுதும். பிறகு அந்த மீதியை [பெட்டி2 | மீதி2] என்று ஆக்கும். வாங்குவது வாலைத் துரத்திக்கொண்டே வரும். லாக் இல்லை, க்யூ இல்லை, தனியாக ஒரு மெசேஜ் அமைப்பும் இல்லை.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கீத் கிளார்க்கும் ஸ்டீவ் கிரெகரியும் 1981-இல் இதற்கு ஒரு மொழி வடிவம் கொடுத்தார்கள். 1983-இல் எஹுத் ஷபிரோவின் கன்கரண்ட் ப்ரோலாக் வந்தது. 1985-இல் கசுனோரி உவேடா ஜிஹெச்சி என்ற மொழியில் விதிகளை இன்னும் எளிதாக்கினார். ஜப்பான் 1982-இல் தொடங்கிய ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டத்தில் கேஎல்1 என்ற மொழி ஜிஹெச்சியின் மேல்தான் கட்டப்பட்டது. திட்டம் உலகத்தை மாற்றவில்லை என்று பின்னால் பலர் கேலி செய்தார்கள். அந்த மொழிகளில் நிரல் எழுதிப் பார்த்தவர்கள் அவ்வளவு சுலபமாகக் கேலி செய்ய மாட்டார்கள்.

காரணம், பதில் வாங்கும் விதம். இருப்புக்_கேள்வி(சோப்பு, பதில்) என்று மெசேஜுக்குள்ளேயே ஒரு வெற்று மாறியை வைத்து அனுப்பலாம். வாங்கிய ப்ராசஸ் 'பதில்' என்ற மாறியை நிரப்பினால் கேட்டவரிடம் விடை போய்ச் சேர்ந்துவிடும். திரும்ப அனுப்ப முகவரி வேண்டாம், எந்தக் கேள்விக்கு எந்த விடை என்று எண் போட்டுக் கணக்கு வைக்கவும் வேண்டாம்.

சிக்கல் கன்வேயரில் வந்தது. எங்கள் மாதிரியில் பார்கோடு படிக்கும் ப்ராசஸ் மிக வேகமானது. பேக்கிங் மேசை மெதுவானது. நடுவில் இருந்த பட்டியல் வளர்ந்துகொண்டே போய் மெமரியைத் தின்றது. மெமரியாவது பணம் கொடுத்தால் கிடைக்கும். என்னை உறுத்தியது வேறு. நிஜக் கன்வேயரில் குறிப்பிட்ட அளவு பெட்டிகளுக்குத்தான் இடம் உண்டு. அது நிறைந்தால் பெல்ட் நிற்கும். பெல்ட் நின்றால் அதற்கு முந்தைய பெல்ட்டும் நிற்கும். கிடங்கு கட்டுகிறவர்கள் எங்களிடம் கேட்பதே அந்த நெரிசல் எங்கே தொடங்குகிறது என்பதைத்தான். எங்கள் பட்டியலிலோ நெரிசல் என்ற ஒன்று நிகழ வழியே இல்லை. முடிவில்லாத பெல்ட் வைத்த கிடங்கை ஓட்டிப் பார்த்து யாருக்கு என்ன லாபம்?

இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. தக்கேயுச்சியும் ஃபுருகாவாவும் கன்கரண்ட் ப்ரோலாக்கில் காட்டியது. பட்டியலை வளர்க்கும் பொறுப்பை அனுப்புகிறவரிடமிருந்து பிடுங்கி வாங்குகிறவரிடம் கொடுத்துவிடுவது. வாங்குகிறவர் வெற்றிடங்களைப் பட்டியலாக நீட்டுவார். அனுப்புகிறவர் ஒவ்வொன்றாக நிரப்புவார். அடுத்த இடம் இல்லையென்றால் காத்திருப்பார். பத்து இடம் நீட்டினால் பத்துப் பெட்டி கொள்ளும் பெல்ட். வாங்கத் தயாரான பிறகே ஓர் இடத்தை நீட்டினால், கைமாற்று நேரத்தில் இருவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். வாசலில் தொங்கும் பையில் பால் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போவதற்கும், கதவைத் தட்டிக் கையில் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. லாஜிக் மாறிகளைத் தவிர வேறு எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. குழுவில் இதைக் காட்டி, சேனல் தேவையில்லை என்றே சில வாரங்கள் வாதாடினேன். ஒருவர் அனுப்பி ஒருவர் வாங்கும் இடத்தில் அந்த வாதம் இன்றும் சரிதான்.

பலர் அனுப்பும்போது நிலைமை மாறும். ஒரே வாலில் இருவர் எழுத முடியாது. மாறி ஒரு முறைதான் மதிப்பு ஏற்கும். ஆகவே ஆளுக்கொரு பட்டியல் வைத்து, அவற்றை ஒன்று சேர்க்க மெர்ஜ் ப்ராசஸ்களை மரம் மாதிரி அடுக்க வேண்டும். இந்த மரத்தைத் தவிர்க்க, ஏகேஎல் மொழிக்காக யான்சன், மாண்டேலியஸ், ஹரிதி மூவரும் 1993-இல் போர்ட் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எத்தனை பேர் வேண்டுமானாலும் போர்ட்டில் போடலாம், மறுமுனையில் ஒரே பட்டியலாக வரும். அழகான ஏற்பாடு. ஆனால் அங்கேயும் அனுப்புகிறவர் நிற்பதில்லை.

என் வாதத்தை உடைத்தது தேர்வு. எங்கள் பேக்கிங் ரோபோவுக்கு மூன்று வழிகள்: இடது பெல்ட்டில் பெட்டி வந்தால் எடு, வலது பெல்ட்டில் வந்தால் எடு, கையில் கட்டி முடித்த அட்டைப்பெட்டி இருந்து லிஃப்ட் காலியானால் அதில் தள்ளு. எது முதலில் இயலுமோ அது ஒன்று மட்டும். நீட்டிய இடத்தை நிரப்பும் முறையில் ரோபோ இரண்டு பெல்ட்டுக்கும் ஒவ்வோர் இடத்தை நீட்டியாக வேண்டும். நீட்டிவிட்டால் இருவருக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று. இடது பெட்டியை எடுத்துக்கொண்டிருக்கும்போதே வலது பெல்ட் இன்னொன்றைத் தள்ளிவிடும். "மன்னிக்கவும், உனக்கு நீட்டிய இடத்தை எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்ல இந்த மொழியில் வழியில்லை. எழுதியதை யாரும் அழிக்க முடியாது என்பதுதான் இதன் பலமே. லாஜிக் மாறி வாக்குறுதி. தேர்வில் நிற்கும் ப்ராசஸுக்கு வேண்டியது விண்ணப்பம். பல இடங்களில் விண்ணப்பம் போட்டு, ஓரிடத்தில் கிடைத்ததும் மற்றவற்றை வாபஸ் வாங்க வேண்டும். வாபஸ் என்பதையே அறியாத மொழிக்குள் அதை எப்படி வைப்பது? சேனல் வேலையில் பாதிக்கு மேல் இந்தக் கேள்விக்கே போனது.

டோனி ஹோர் 1978-இல் எழுதிய சிஎஸ்பி கட்டுரையில் ப்ராசஸ்கள் நேருக்கு நேர் சந்தித்துத்தான் மெசேஜைக் கைமாற்றும். ஒரு கிளையில் நுழையலாமா என்று முடிவுசெய்யும் டைக்ஸ்ட்ராவின் காவல் நிபந்தனைகளை எடுத்துக்கொண்டு, தேர்வின் கிளைகளில் வாங்கும் செயலை அவர் அனுமதித்தார். அனுப்பும் செயலை அனுமதிக்கவில்லை. பிரிஸ்டலின் இன்மோஸ் நிறுவனம் டிரான்ஸ்பியூட்டருக்காக உருவாக்கிய ஆக்கம் (occam) மொழியிலும் அதே கட்டுப்பாடு. அது சோம்பல் அல்ல. ஒரு பக்கம் மட்டும் தேர்வில் நின்றால் முடிவெடுப்பது சுலபம். எதிர்ப்பக்கம் ஏற்கெனவே உறுதியாக நிற்கிறது. இரண்டு பக்கமும் "நீ இல்லையென்றால் இன்னொருவர்" என்று நின்றால், ஒருவர் முடிவெடுக்கும் கணத்தில் மற்றவர் வேறொருவரோடு முடிவெடுத்திருக்கக்கூடும். அப்படி மூன்று பேர் வட்டமாக நின்றால், ஒவ்வொருவரும் அடுத்தவரின் பதிலுக்காக மற்றவரைத் தடுத்து வைப்பார். ஆர்தர் பெர்ன்ஸ்டீன் 1980-இலும், பக்லியும் சில்பர்ஷாட்ஸும் 1983-இலும் இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் வழிமுறைகளை வெளியிட்டார்கள். ரோபோவுக்கு லிஃப்ட்டில் தள்ளுவதும் ஒரு கிளை என்பதால் எங்களுக்கும் அந்தத் தளர்வு வேண்டியிருந்தது.

கோ மொழியின் செலக்ட் இதை லாக் வழியாகத் தீர்க்கிறது. தேர்வில் வரும் எல்லாச் சேனல்களையும் நினைவக முகவரி வரிசைப்படி பூட்டும்; யாராவது தயாராக இருக்கிறார்களா என்று பார்க்கும்; இல்லையென்றால் எல்லாவற்றிலும் பெயரைப் பதிந்துவிட்டுத் தூங்கும். எல்லோரும் ஒரே வரிசையில் பூட்டுவதால் வட்டச் சிக்கல் வராது. நடைமுறையில் தேறிய முறை. ஜாவாவில் பொருள்களின் முகவரி நிலையாக இருப்பதில்லை என்றாலும் சேனலுக்கு வரிசை எண் கொடுத்துச் சமாளித்திருக்கலாம். எங்கள் லைப்ரரிக்கு அது ஒத்துவராததற்குக் காரணம் லாஜிக் மாறியேதான். தேர்வின் ஒரு கிளையில் இருக்கும் சேனல் இன்னும் மதிப்பு வராத மாறியாக இருக்கலாம். 'புதிய பெல்ட் எங்கே பொருத்தப்படுகிறதோ அங்கிருந்து வாங்கு' என்று எழுதிவிட்டால், அந்தப் பெல்ட் எது என்பது தேர்வு தொடங்கி வெகுநேரம் கழித்துத்தான் தெரியவரும். எதைப் பூட்டுவது என்றே தெரியாதபோது எந்த வரிசையில் பூட்டுவது?

கைகொடுத்தது ஜான் ரெப்பியின் கன்கரண்ட் எம்எல் மரபு. அதைப் பல ப்ராசஸர்களில் ஓட்டுவதற்காக ரெப்பி, ருஸ்ஸோ, சியாவ் 2009-இல் வெளியிட்ட நெறிமுறையில் ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு சிறு நிலைப்பெட்டி உண்டு. அதில் மூன்று நிலைகள்: காத்திருக்கிறது, பிடிபட்டது, முடிந்தது. சேனலின் க்யூவில் விழும் ஒவ்வொரு விண்ணப்பமும் தன் தேர்வின் நிலைப்பெட்டியைச் சுட்டி நிற்கும். எதிர் விண்ணப்பத்தைக் கண்ட ப்ராசஸ் முதலில் தன் பெட்டியைப் 'பிடிபட்டது' ஆக்கும். பிறகு எதிராளியின் பெட்டி இன்னும் 'காத்திருக்கிறது' என்றிருந்தால் மட்டும், ஒரே அணுச் செயலில், அதை 'முடிந்தது' என்று மாற்றும். மாறிவிட்டால் தன்னுடையதையும் முடித்துக்கொள்ளும். எதிராளி முன்பே முடிந்துபோயிருந்தால் அந்த விண்ணப்பம் செல்லாக்காசு. தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கும். எதிராளியும் பிடிபட்ட நிலையில் இருந்தால் தன் பிடியை விட்டு, சிறிது நேரம் கழித்து மறுபடி முயலும். அந்தச் சிறிது நேரம் தற்செயல் எண்ணாக இருப்பது அவசியம். இல்லையென்றால் இருவரும் ஒரே தாளத்தில் பிடித்து, ஒரே தாளத்தில் விட்டு, காலமெல்லாம் மரியாதை காட்டிக்கொண்டிருப்பார்கள்.

இதில் வரிசை முக்கியம். முதலில் விண்ணப்பத்தைப் பதிய வேண்டும், அதன் பிறகே எதிர் க்யூவைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுப் பதிந்தால், இருவரும் ஒரே கணத்தில் பார்த்து, யாரும் இல்லை என்று பதிந்து, எதிரெதிரே தூங்கிப்போவார்கள். ஒரே தேர்வு ஒரே சேனலில் அனுப்பவும் வாங்கவும் தயாராக நின்றால் தன்னோடு தானே கை குலுக்கிக்கொள்ளும் அபாயமும் உண்டு. வேறு வேறு என்று நினைத்த இரண்டு மாறிகள் பின்னால் ஒரே சேனலாகிவிடும் இந்த மொழியில் அது எதிர்பார்ப்பதைவிட அடிக்கடி நடக்கும். எதிர் விண்ணப்பம் சுட்டுவது என் நிலைப்பெட்டியையே என்றால் தாண்டிப் போ என்ற ஒற்றை வரி அதைத் தடுக்கிறது.

இந்த மூன்று நிலைகளையும் மொழிக்குள் யாரும் பார்க்க முடியாது. எந்தக் கிளை தேர்வானது என்ற விடை மட்டும் ஒரு சாதாரண லாஜிக் மாறியாக வெளியே வருகிறது. ஒரு முறை எழுதப்படும், பிறகு மாறாது. விண்ணப்பமும் வாபஸும் தரைக்குக் கீழே நடந்து முடிந்துவிடுகின்றன. மாறிக்காகக் காத்திருப்பவர்களை எழுப்ப ஏற்கெனவே இருந்த இயந்திரமே இதற்கும் போதுமாக இருந்தது. பிற்பாடு மதிப்பு வரும் சேனலும் தொல்லை தரவில்லை. சேனல் தெரிந்ததும், தேர்வு இன்னும் காத்திருந்தால், அப்போது ஒரு விண்ணப்பம் கூடுதலாகப் போய் விழும். அவ்வளவுதான்.

மெமரிப் பிரச்சினை மட்டும் வேறு வாசல் வழியாக உள்ளே வரப் பார்த்தது. இடது பெல்ட் பரபரப்பாகவும் வலது பெல்ட் மாதக்கணக்கில் சும்மாவும் இருந்தால், ரோபோ ஒவ்வொரு சுற்றிலும் வலது சேனலில் ஒரு செத்த விண்ணப்பத்தை விட்டுச் செல்லும். அங்கே எதிராளி யாரும் வராததால் கூட்டித் தள்ளவும் ஆளில்லை. ஆகவே ஒவ்வொரு சேனலும் தன் க்யூவில் செத்தவை எத்தனை என்று உத்தேசமாகக் கணக்கு வைத்திருக்கும்; பாதிக்கு மேல் போனால் பதிய வருகிற ப்ராசஸின் தலையிலேயே துப்புரவு வேலை விழும்.

அடுத்த கேள்வியை எழுப்பியவர் குழுவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர். "அண்ணா, வாங்கிட்டான்னு தெரியுது. ஆனா மெசேஜுக்குள்ள இருக்கிற மாறி இன்னும் காலி. என்ன வாங்கினான்னு அவனுக்கே தெரியாதே, இது எப்படி சந்திப்பு ஆகும்?"

கேள்வி நியாயமானது. மற்ற மொழிகளில் சேனல் வழியாக ஒரு மதிப்பு போனால் முழுசாகப் போய்விட்டது என்று அர்த்தம். இங்கே பாதி எழுதிய கடிதத்தைக்கூடக் கையில் கொடுக்கலாம். மெசேஜ் முழுக்க நிரம்பிய பிறகே கைமாற்று நடக்கட்டும் என்று அவர் யோசனை சொன்னார். உடனே அதே இருப்புக் கேள்வியை எடுத்து எழுதிப் பார்த்தோம். 'பதில்' என்ற மாறியை நிரப்ப வேண்டியவரே வாங்குகிறவர்தான். அது நிரம்பினால்தான் அவர் கைக்கு மெசேஜ் வரும் என்றால் இருவரும் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார்கள். இந்த மரபின் ஆகச் சிறந்த வசதி முதல் ஆளாகச் செத்துப்போகும். எனவே ஆவணத்தில் தெளிவாக எழுதிவைத்தோம்: மெசேஜ் கைக்குப் போனது என்பதற்கு மட்டுமே சேனல் உத்தரவாதம், அதற்குள் இருப்பவை தாங்கள் நிரம்பும் நேரத்தில் நிரம்பும். படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பியவரை விடுவிக்க வேண்டும் என்றால், மெசேஜுக்குள் ஒரு 'படித்தேன்' மாறியை வைத்து அதற்காகக் காத்திருக்கலாம். இதே காரணத்தால், 'கனமான பெட்டியாக இருந்தால் மட்டும் வாங்கு' என்று உள்ளடக்கத்தைச் சோதிக்கும் கிளைகளையும் மறுத்துவிட்டேன். எடை இன்னும் தெரியாத பெட்டி வந்தால் சேனல் முழுவதும் அதற்காக நிற்கும்.

தேர்ந்த வழி தவறினால் பின்வாங்கி வேறு வழி பார்க்கும் பேக்ட்ராக்கிங் பற்றியும் கேட்டார்கள். லூயிஸ் மோனிஸ் பெரெய்ராவும் நாஸ்ரும் 1984-இல் வெளியிட்ட டெல்டா ப்ரோலாக்கில் சிஎஸ்பி பாணிச் சந்திப்புகளும் உண்டு, பல ப்ராசஸ்களில் பரவிய பேக்ட்ராக்கிங்கும் உண்டு. எங்கள் லைப்ரரி ஒரு கிளையைத் தேர்ந்துவிட்டால் திரும்பிப் பார்க்காத வகை. தேடலுக்கென்று தனி அறை ஒன்று உண்டு. அதற்குள் மட்டும் பின்வாங்கலாம். அந்த அறைக்குள் சேனலைத் தொட்டால் பிழை எழும்படி செய்தேன். கொஞ்சம் முணுமுணுப்பு எழுந்தது. கொடுத்த பெட்டியை வாங்கியவர் பிரித்துப் பயன்படுத்திய பிறகு திரும்பக் கேட்க முடியாது.

சேனலை மூடுவது எப்படி என்பதில் வீணாக நேரம் போனது. பட்டியலுக்கு முடிவு உண்டு, வெற்றுப் பட்டியலாக வால் முடியும். சேனலுக்கு இயல்பான முடிவு இல்லை. ஏகேஎல் போர்ட்டில், போர்ட்டை வைத்திருப்பவர் யாரும் இல்லை என்று குப்பை அகற்றும் நிரல் கண்டுபிடித்தால் பட்டியல் தானாக மூடப்படும். ஜாவாவின் குப்பை அகற்றலும் அப்படித் தகவல் தரும். எப்போது தரும் என்பது அதன் விருப்பம். ஒவ்வோர் ஓட்டமும் ஒரே மாதிரி இருக்க வேண்டிய சிமுலேஷனை அதன் விருப்பத்தில் விட மனம் வரவில்லை. பழைய ஷார்ட் சர்க்யூட் உத்தியையே கடைசியில் பரிந்துரைத்தோம். ஒவ்வொரு ப்ராசஸிடமும் ஓர் இடது மாறி, ஒரு வலது மாறி; ஒருவரின் வலது அடுத்தவரின் இடது. முடித்துக்கொள்ளும் ப்ராசஸ் தன் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுப் போகும். சங்கிலியின் இரு முனைகளும் ஒன்றான கணத்தில் எல்லோரும் முடித்துவிட்டார்கள் என்று தெரியும். சேனலுக்கு மூடும் கட்டளையே நாங்கள் கொடுக்கவில்லை.

எல்லோரும் மிக அதிகமாகப் பயன்படுத்துவது நான் அரை நாளில் எழுதிச் சேர்த்த ஒரு சின்ன விஷயத்தை. ஓடத் தயாரான ப்ராசஸ் எதுவும் இல்லாமல் உறங்குபவை மட்டும் மிஞ்சினால், ஒவ்வொன்றும் எந்தெந்தச் சேனலில் எந்தத் திசையில் விண்ணப்பம் போட்டு நிற்கிறது என்று அச்சிட்டுத் தரும். கிடங்கு வடிவமைப்பவர்கள் டெட்லாக் என்ற சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அந்த அச்சைப் பார்த்ததும் எந்த பெல்ட் எந்த லிஃப்ட்டுக்காக நிற்கிறது, அந்த லிஃப்ட் எதற்காக நிற்கிறது என்று விரல் வைத்துக் காட்டிவிடுகிறார்கள்.

சேனல் வந்தபின் இழந்ததும் உண்டு. பட்டியல்கள் மட்டும் கொண்டு, மெர்ஜ் இல்லாமல் எழுதிய நிரல் எந்த வரிசையில் ஓடினாலும் ஒரே விடை தரும். ஜில் கான் 1974-இல் காட்டிய உண்மை அது. தேர்வு நுழைந்த இடத்தில் அந்த நிம்மதி போய்விடும். ஒற்றைத் த்ரெட்டில், கொடுத்த விதை எண்ணைக் கொண்டு கிளைகளைத் தேரும் தனி ஓட்டமுறை ஒன்றை அதற்காக எழுதினோம். ஒருமுறை தவறியது அதே எண்ணில் மறுபடி தவறும். இருந்தாலும் புதியவர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது பட்டியலைத்தான். தேர்வு தேவைப்படும் இடம் ஒரு நிரலில் விரல்விட்டு எண்ணுமளவுக்குத்தான் இருக்கும். அங்கே மட்டும் சேனல் போதும்.

கடைசியாக வந்த கோரிக்கை மூவர் சந்திப்பு. தூக்கும் ரோபோ, பெட்டி, காலியான தட்டு மூன்றும் ஒரே கணத்தில் சேர வேண்டும். எதையாவது சேர்க்க முடியாவிட்டால் மற்ற இரண்டும் வேறு ஜோடி தேடிக்கொள்ளலாம். தேர்வு இல்லாவிட்டால் இது ஒன்றுமே இல்லை, மூன்று மாறிகளுக்காகக் காத்திருந்தால் போதும். தேர்வோடு சேர்த்துக் கேட்டால் இருவர் சந்திப்பைக் கொண்டு அதைக் கட்ட முடியாது. பனங்காடனும் ரெப்பியும் 1997-இல் கன்கரண்ட் எம்எல் பற்றி இதை நிரூபித்திருக்கிறார்கள். டொனெல்லியும் ஃப்ளூயட்டும் 2006-இல் முன்வைத்த பரிவர்த்தனை நிகழ்வுகளில் அது சாத்தியம். ஆனால் அங்கே யார் யாரோடு சேர்வது என்பதை அமைப்பே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தேடலின் செலவை மற்ற எல்லாச் சேனல்களும் சுமக்க நான் ஒப்பவில்லை. கேட்டவர் நடுவில் ஒரு மேலாளர் ப்ராசஸை வைத்தார். மூவரும் தங்கள் இருப்பை அதனிடம் சொல்வார்கள். அது ஜோடி சேர்த்துப் பதிலை அவரவர் மாறியில் எழுதும். கிடங்கிலும் அந்த வேலையை ஒரு கட்டுப்பாட்டுக் கணினிதான் செய்யப்போகிறது என்று அவரே சொன்னார்.